எதிரெதிரே நீண்ட இரண்டு கைகள்

கேள்வி கடைசியில்தான் வரும். விடை சொல்ல வேண்டியதையெல்லாம் வழியிலேயே போட்டு வைத்திருக்கிறேன். மேம்போக்காகப் படித்துவிட்டு, சொல்லவே இல்லையே என்று என்மேல் பாயக் கூடாது.

பிருந்தாவும் சிபியும் கணவன் மனைவி, கோயம்புத்தூர்க்காரர்கள். விடுமுறை வந்தால் மற்றவர்கள் ஊட்டிக்குக் கிளம்புவார்கள். இவர்கள் இரண்டு கயாக்குகளைக் காரின் தலையில் கட்டிக்கொண்டு, பேர் தெரியாத காட்டாறுகளைத் தேடிப் போவார்கள். கயாக் என்றால் ஒரே ஆள் காலை நீட்டி உட்கார்ந்து துடுப்பு போடுகிற ஒடுக்கமான படகு. பாறைகளுக்கு நடுவே நுரைத்துக்கொண்டு இறங்கும் தண்ணீரில் அதை விட்டுப்போகத் துணிச்சல் மட்டும் போதாது, கரையில் நின்று வழி சொல்ல ஓர் ஆளும் வேண்டும். அந்த இரைச்சலில் கத்தினால் எதுவும் காதில் விழாது. ஆகவே கைதான் பேச்சு. அதற்குப் படகுக்காரர்களிடம் ஒரு சட்டம் உண்டு. பாறையைக் காட்டாதே, போக வேண்டிய தண்ணீரைக் காட்டு. கண் போகிற பக்கம்தான் படகும் போகும் என்பதால் அப்படி.

போன வருஷம் சிபி சட்டப்படிதான் கை காட்டினான். பிருந்தாவும் காட்டிய பக்கமே போனாள். தண்ணீருக்கடியில் ஒரு பாறை ஒளிந்திருந்ததை அவன் கவனிக்கவில்லை. படகு கவிழ்ந்து அவளுக்குத் தோள்மூட்டு விலகிவிட்டது. தோள் சில மாதங்களில் சரியானது, மற்றது சரியாகவில்லை. அவன் மன்னிப்புக் கேட்டுக் கேட்டு ஓய்ந்தான். அவளும் மன்னித்துவிட்டதாகத்தான் சொன்னாள். ஆனாலும் அவன் காப்பி கலந்து கொடுத்தால்கூட விரல் நுனியால் சூடு பார்த்துவிட்டுத்தான் வாயில் வைத்தாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவன் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

அதற்குப் பிறகு அவள் ஆற்றில் இறங்க வந்தது இப்போதுதான். மூங்கிலாறு ஒரு மலைக்கிராமத்துக்குக் கீழே சரிவில் ஓடுகிறது. அங்கே வலைபோட்டு மீன் பிடிக்கும் மாரப்பன் ஆறுவரை கூட வந்தார். முன்னால் நடந்துகொண்டே ஒரு பாறைப்பக்கம் கையை நீட்டினார். பழக்கதோஷம், சிபி நேராக அதன்மேலேயே காலை வைத்தான். பாறை முழுக்கப் பாசி. படகைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்த வாக்கில் கீழே சறுக்கினான்.

"என்னங்க தம்பி, நான் கையக் காட்டறேன், நீங்க அங்கயே போய்க் கால வெக்கறீங்க?" என்றார் மாரப்பன், நிஜமாகவே புரியாமல்.

பிருந்தா வாய்விட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து வெகுநாளாகியிருந்ததால், கால்சட்டை நனைந்ததுகூட சிபிக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஆற்றங்கரைக்கு வந்ததும் அந்தச் சிரிப்பு அடங்கிவிட்டது.

"நான் முன்னாடி போய்ப் பாத்துட்டுக் கை காட்டறேன்," என்றான் சிபி.

"காட்டு. ஆனா உன் கையை மட்டும் நம்பி நான் போக மாட்டேன்."

அவன் தலையை ஆட்டிவிட்டுத் தண்ணீரில் இறங்கினான். மாரப்பன், "வளைவுகிட்ட நானும் நிக்கறேனுங்க அம்மணி," என்று சொல்லிவிட்டு இடக்கரையோரமாக நடந்தார்.

சற்றுப் பொறுத்துப் பிருந்தாவும் கிளம்பினாள். முதல் இறக்கம் நன்றாகவே போயிற்று. கைக்குப் பழைய லாவகம் திரும்பிவிட்டது என்றுகூட நினைத்தாள். வளைவு தாண்டியதும் ஆறு படகைத் தன் பிடிக்குள் எடுத்துக்கொண்டது. எதிரே வீடுபோல ஒரு பாறை. தண்ணீர் அங்கே இரண்டாகப் பிரிந்து, இடமும் வலமுமாகப் பாறைக்குப் பின்னால் மறைந்தது. அங்கே என்ன இருக்கிறதென்று அவளுக்குத் தெரியவில்லை. கரை ஒதுங்கவும் முடியாது.

வலக்கரையில் சிபி நின்றான். படகைக் கரையேற்றிவிட்டு, துடுப்பை உயர்த்தி இடப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தான். இடக்கரையில் மாரப்பன் நின்றார். அவர் கை விடாப்பிடியாக வலப்பக்கம் நீண்டிருந்தது. சிபி நிற்கும் பக்கத்தை மாரப்பன் காட்டினார், மாரப்பன் நிற்கும் பக்கத்தைச் சிபி காட்டினான்.

பிருந்தா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். சிபியின் துடுப்பைப் பார்த்ததுமே ஆறிப்போன தோள் சுரீரென்றது. மாரப்பனோ இந்த ஆற்றிலேயே பிழைப்பவர், அவளைத் தவறான வழியில் அனுப்ப அவருக்கு ஒரு காரணமும் இல்லை. பாறை கிட்டத்தில் வந்துவிட்டது. அப்போது, அந்தப் பயத்துக்கு நடுவே, அவளுக்குச் சட்டென்று சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே துடுப்பை அழுத்திப் படகைத் திருப்பினாள்.

எந்தப் பக்கம் திருப்பினாள்? அந்த இருவரில் சரியாகக் காட்டியது யார்?

விடை: இடப்பக்கம் திருப்பினாள், இருவரும் காட்டியது சரிதான். வலப்பக்கத்து வழியில் ஒரு மருதமரம் விழுந்து கிடந்தது. கிளைகளுக்கிடையே தண்ணீர் போகும், மனிதர் போக முடியாது. சிபி போக வேண்டிய தண்ணீரைக் காட்டினான். மாரப்பன், வரும் வழியில் பாசியைக் காட்டியதுபோல, ஆபத்தைக் காட்டினார். சிபி சறுக்கி விழுந்தது ஞாபகம் வந்ததும் பிருந்தாவுக்கு இரண்டு கைகளும் ஒன்றையே சொல்வது விளங்கிவிட்டது. பாறைக்குக் கீழே ஆறு அடங்கிய இடத்தில் கரையேறினாள். சிபி மூச்சிரைக்க ஓடிவந்து, "யார் கையைப் பாத்துத் திரும்புன?" என்று கேட்டான். "ரெண்டு பேர் கையையும்தான்," என்றாள். அவன் அவள் படகிலிருந்த பிளாஸ்க்கை எடுத்துவந்து, காப்பி ஊற்றிக் கொடுத்தான். அவள் வாங்கிய கையோடு, சூடு பார்க்காமலே ஒரு வாய் குடித்தாள். நாக்கு பொத்துப்போனது.