உள்ளே விட்ட துணி

மாசிலாமணி மடத்துக்கு வந்தபோது அவருக்கு அறுபது கடந்திருந்தது. மடத்தை நடத்திய உமையாள் அம்மைக்கு நாற்பதுகூட ஆகவில்லை. ஊரில் பேரெடுத்த தையல்காரர், கடையைத் தம்பி கையில் கொடுத்துவிட்டு, மகள் வயதுப் பெண்ணிடம் போய்ச் சீடராக உட்கார்ந்தது பலருக்கு வியப்பு. கேட்டால், "அந்தம்மாகிட்ட இருந்தா சும்மா இருக்க முடியுது" என்பார்.

அம்மை அவரைச் சும்மா இருக்க விடவில்லை.

மடத்துக்கு எதிரே பெரிய ஆஸ்பத்திரி. அதன் மேல்மாடியில், ரத்தத்தில் நோய் கண்ட பிள்ளைகளின் வார்டு. எங்கெங்கோ இருந்து மாற்றுத்துணிகூட இல்லாமல் வந்து மாதக்கணக்கில் கிடக்கும் பிள்ளைகள்.

"இவங்களுக்குத் தைங்க" என்றார் அம்மை.

ஜவுளிக்கடைக்காரர்கள் துண்டுத்துணி கொடுத்தார்கள். மாசிலாமணி வார்டுக்குப் போய் அளவெடுத்து வருவார். பெண் பிள்ளைகளுக்குக் கவுன், பையன்களுக்குச் சட்டை. எதைத் தைத்தாலும் கீழே நாலு விரல் அகலத்துக்குத் துணியை உள்ளே விட்டு மடித்துத் தைப்பார். வளர்கிற பிள்ளை. உயரம் கூடினால் பிரித்துவிட்டுக்கொள்ளலாம். எந்தத் தையல்காரரும் செய்வதுதான்.

அந்த ஆடியில் அபிராமி என்ற சிறுமி இறந்தாள். அவளுக்குப் பிறகு இன்னும் சிலர். நர்ஸ் அவர்களுடைய உடுப்புகளைத் துவைத்து மூட்டையாகக் கட்டிக் கொண்டுவந்து கொடுத்தாள். "நல்லாத்தான் இருக்கு ஐயா. வேற பிள்ளைகளுக்கு ஆகும்."

மாசிலாமணி மூட்டையை அவிழ்த்தார். ஒவ்வொன்றாக எடுத்து ஓரத்தைத் திருப்பிப் பார்த்தார். மடிப்பு வைத்தது வைத்தபடியே இருந்தது. ஒரு நூல்கூட அறுபடவில்லை.

இத்தனை உடுப்பில் ஒன்றையாவது யாராவது பிரித்துவிட்டிருக்கிறார்களா? அவருக்கு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. பிழைத்து ஊருக்குப் போன பிள்ளைகளும் உண்டு. அன்றைக்கு அவர்களும் நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் முதல் அவர் உள்ளே துணி விடவில்லை. ஓரத்தை நகக்கண் அகலத்துக்கு மடித்துத் தையல் ஓட்டினார். அதில் மிஞ்சிய துணியில் கூடுதலாக உடுப்புகள் தைத்தார். மடத்தில் எல்லோரும் மெச்சினார்கள். அம்மை மட்டும் ஒரு கவுனை எடுத்தார், ஓரத்தை விரலால் தடவினார், ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டார்.

அம்மை ஏதாவது சொல்லியிருக்கலாம் என்று மாசிலாமணிக்குத் தோன்றியது. கோபமாகக்கூட வந்தது.

வார்டில் பவளம் என்றொரு குழந்தை. வேதாரண்யம் பக்கம் உப்பளத்தில் வேலை செய்யும் செல்லக்கிளியின் ஒரே மகள். மருந்தில் தலைமுடியெல்லாம் கொட்டிப்போயிருந்தது. ஆனாலும் கட்டில் ஓரத்தில் புதுச் சீப்பு ஒன்று இருந்தது. அளவெடுத்துவிட்டு மாசிலாமணி வெளியே வந்தபோது டாக்டர் அவரை நிறுத்தினார்.

"அந்தப் பாப்பாவுக்குச் சீக்கிரம் தைச்சுக் குடுத்துடுங்க."

அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. மாசிலாமணியும் கேட்கவில்லை.

மஞ்சளில் சின்னப் பூப்போட்ட துணி. அன்றே தைத்து, மறுநாள் காலையில் கொண்டுபோய்க் கொடுத்தார். குழந்தை வாங்கிக் கன்னத்தில் வைத்துக்கொண்டது. செல்லக்கிளி கவுனை வாங்கித் தோளைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள். பிறகு ஓரத்தைத் திருப்பினாள்.

அவள் கை நின்றது.

குழந்தையை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். எழுந்து அவர் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"ஐயா, டாக்டரு உங்ககிட்ட எதாச்சும் சொன்னாரா?"

மாசிலாமணி அளவு நாடாவைச் சுருட்டினார்.

"இல்லையேம்மா."

"இல்ல... உள்ள துணியே விடலையே. அதான் கேட்டேன்."

"மறந்துட்டேன். வயசாச்சு பாரு. குடு, சரி பண்ணிக் கொண்டாறேன்."

அவள் கொடுத்தாள். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு கொடுத்தாள். குழந்தை அழ ஆரம்பித்தது.

மடத்தில் அம்மை அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். மாசிலாமணி கவுனை அவர் முன்னால் போட்டு, நடந்ததைச் சொன்னார்.

"இப்படி ஆகும்னு உங்களுக்கு முன்னமே தெரியும். ஏன் தடுக்கல?"

"தடுத்தா நிறுத்தியிருப்பீங்களா?"

 "நான் செஞ்சதுல என்ன தப்பு?" என்றார் மாசிலாமணி. "அந்தப் பிள்ளை பிழைக்காது. இல்லாத வளர்ச்சிக்குத் துணி விடறது பொய்யில்லையா? இந்த இடத்துல இருந்துக்கிட்டு நான் பொய்யைத் தைக்கணுமா?"

"அந்த அம்மாவுக்குத் தெரியாதா, பிழைக்காதுன்னு?"

மாசிலாமணி அந்தச் சீப்பை நினைத்தார். தன் முகத்தையே பார்த்த செல்லக்கிளியின் கண்ணை நினைத்தார்.

"தெரியும்" என்றார்.

"தெரிஞ்சவகிட்ட இந்த ஓரத்தால எதைச் சொல்லிட்டு வந்தீங்க?"

முறத்தில் அரிசி ஒருமுறை எழுந்து விழுந்தது. மாசிலாமணி கவுனை எடுத்துக்கொண்டார். பிறகு உள்ளே போய் மஞ்சள் துணியைத் தேடினார். ஒரு துண்டுகூட இல்லை. மிஞ்சியதை எல்லாம் சின்னச் சட்டைகளாகத் தைத்து அடுக்கியிருந்தார்.

"துணி இல்லம்மா" என்றார் வெளியே வந்து.

அம்மை முறத்தைக் கீழே வைத்தார். எழுந்துபோய் அடுக்கிலிருந்து ஒரு மஞ்சள் சட்டையை எடுத்து, சுவரோரம் உட்கார்ந்து, தையலைப் பிரிக்க ஆரம்பித்தார். அவருக்குத் தையல் வேலை பழக்கமில்லை. ஊசி விரலில் குத்தியது. மாசிலாமணி இன்னொரு சட்டையை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார்.

பிரித்த துண்டுகளை மாசிலாமணி ஒட்டுப்போட்டுக் கவுனின் கீழே சேர்த்தார். அத்தனையையும் உள்ளே மடித்தார். மடிப்பு ஒரு சாணுக்கு மேல் இருந்தது. கவுன் அடியில் கனத்தது. அவர் தைத்ததிலேயே அழகில்லாத வேலை அதுதான்.

வெயில் இறங்குவதற்குள் கொண்டுபோய்க் கொடுத்தார். செல்லக்கிளி முதலில் ஓரத்தைத்தான் திருப்பினாள். மடிப்பைப் பிடித்துப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இம்மாம் துணியா?" என்றாள். "இவ கல்யாணம் வரைக்கும் போட்டுக்கலாம் போலிருக்கே ஐயா."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் மாசிலாமணி குழந்தைக்குப் பொத்தான் போட்டுவிடுவதுபோல் குனிந்துகொண்டார்.

பவளம் அந்தக் கவுனைக் கழற்ற விடவில்லை. கனத்த ஓரம் முழங்காலில் இடிக்க வார்டு முழுக்கச் சுற்றினாள். ஒரு வாரம்போல நடந்தாள். பிறகு நடக்கவில்லை.

ஒரு காலை மாசிலாமணி வேறொரு பையனுக்கு அளவெடுக்கப் போனார். பவளத்தின் கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தது. நர்ஸ் அவரைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டாள்.

அவர் திரையை விலக்கிப் பார்த்தார். உள்ளே செல்லக்கிளி அழவில்லை. மகளின் காலடியில் உட்கார்ந்து, கவுனின் ஓரத்தைப் பல்லால் கடித்துக் கடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். ஒட்டுப்போட்ட துண்டுகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. முழங்கால் மறைந்தது. கணுக்கால் மறைந்தது. கடைசி நூலையும் அறுத்துவிட்டு, மடிப்பு விழுந்த இடங்களைக் கையால் தேய்த்துத் தேய்த்து நேராக்கினாள்.

"பாருங்க ஐயா" என்றாள். "எம்மாம் பெரிய பொண்ணா இருக்கா."

மாசிலாமணி திரையைப் பிடித்துக்கொண்டார்.

மடத்துக்கு எப்படித் திரும்பினார் என்று அவருக்குத் தெரியவில்லை. அம்மை கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தார். மாசிலாமணி ஈரத்தரையிலேயே உட்கார்ந்தார்.

"பிரிச்சுவிட்டாங்கம்மா" என்றார்.

அம்மை அலசுவதை நிறுத்தினார்.

"முழுசையும் பிரிச்சுவிட்டாங்க. பல்லாலேயே." அவருக்கு மூச்சு வாங்கியது. "எனக்கு எதுவும் ஆறலம்மா. முன்னைவிட அதிகமா எரியுது."

"எனக்கும்தான்" என்றார் அம்மை.

 மாசிலாமணி மடியைத் துழாவி அளவு நாடாவை எடுத்தார். அதைக் கையில் சுற்றினார், பிரித்தார், மறுபடி சுற்றினார்.

"அங்க ஒரு பையன் இருக்கான். அளவெடுக்காமயே வந்துட்டேன்."

"போய் எடுத்துட்டு வாங்க."

"அவனுக்கு உள்ள எவ்வளவு துணி விடட்டும்?"

அம்மை நிமிர்ந்து அவரைப் பார்த்தார். அம்மையின் கண்கள் சிவந்திருந்தன.

"நம்மகிட்ட எவ்வளவு இருக்கு?" என்றார்.