உலகளந்த கோலும் அரை விரற்கடையும்

முன்னொரு காலத்தில் ஆற்றங்கரைச் சீமை ஒன்றை வெற்றிவாணன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், புகழ்ச்சி காதில் விழுந்தால் மட்டும் புத்தி புல் மேயப் போய்விடும்.

அந்நாட்டில் நிலம் அளக்கும் கோலின் நீளத்தை உலகளந்த பெருமாள் கோயில் சுவரில் கோடாக வெட்டியிருந்தார்கள். அதன்படி அளப்பவன் குடிதாங்கி. அவன் வேலையைத் தன் மருமகனுக்கு வாங்கித்தர அலைந்துகொண்டிருந்தான் அம்பலவிடங்கன் என்ற அவைப் பிரபு.

"பெருமாளுக்குத் தாங்கள் என்ன குறைச்சல், மகாராஜா? தங்கள் உயரமே இனி நாட்டுக்கு அளவாகட்டும்" என்று ஓதினான்.

ராஜா பூரித்துப்போனான். மறுநாள் விடியலில் ராஜா படுக்கையை விட்டு எழுந்ததுமே அவன் உயரத்துக்குச் சரியாக அம்பலவிடங்கன் தன் கையாலேயே ஒரு கோல் வெட்டினான். ராஜாவின் உயரத்துக்குக் கூடக் குறையக் கோல் வெட்டுபவன் கை துண்டிக்கப்படும் என்று பறையறைந்தார்கள். சுவர்க்கோட்டைச் செதுக்கி எடுக்கக் குடிதாங்கிக்கு உத்தரவாயிற்று.

"கணக்குக்கு ஒத்துவராது, மகாராஜா" என்றான் அவன்.

"அப்படியா? பெருமாள் அளவு ஏன் என் அளவுக்கு மேல் என்று சாயங்காலத்துக்குள் கணக்கால் நிரூபி. முடியாவிட்டால் உன் கை போகும்."

 படைக்கு ஆள் எடுக்கும்போது உயரம் பார்ப்பவனும் குடிதாங்கிதான். காலையில் தேறியவன் மாலையில் தேறாமல் போனதை எத்தனையோ முறை கண்டிருக்கிறான்.

அன்று முழுக்க ராஜா கனத்த கிரீடத்தோடு, புதுக்கோலைக் காட்டி ஊரைச் சுற்றினான். சாயங்காலம் சபை கூடியது.

"கிரீடத்தைக் கழற்றிவிட்டுக் கோலோடு ஒட்டி நில்லுங்கள், மகாராஜா" என்றான் குடிதாங்கி.

ராஜா நின்றான். தலைக்கு மேல் அரை விரற்கடை கோல் நீட்டிக்கொண்டிருந்தது. 

"விடங்கரே, தப்பு கோலிலா, மகாராஜாவிலா?" என்று கேட்டான் குடிதாங்கி.

கோல் என்றால் கை போகும், மகாராஜா என்றால் தலை போகும். அம்பலவிடங்கனுக்கு வேர்த்துக் கொட்டியது. "கா... காலையில் சரியாகத்தானே இருந்தது!"

"கணக்கு அதுதான், மகாராஜா. மனிதன் நாள் முழுக்க நடமாடினால் உயரம் குறையும். அளவே மாறினால் அதை அளக்க இன்னொன்று வேண்டும். அதுவும் மாறினால் அதற்கும் ஒன்று. எங்கேயாவது மாறாத ஒன்றில் போய் நின்றாக வேண்டும். அதற்குத்தான் நம் முன்னோர் பெருமாள் பேரை வைத்தார்கள்."

ராஜா கோலின் நுனியை அண்ணாந்து பார்த்தான். பிறகு சிரித்துவிட்டான்.

"கோடு அங்கேயே இருக்கட்டும். விடங்கரே, உம்முடைய கையும் இருக்கட்டும். ஆனால் தினமும் காலையும் மாலையும் அந்தச் சுவரில் உம்மை அளந்து, எவ்வளவு குறைந்தீர் என்று சபையில் வந்து சொல்லும்."

குடிதாங்கியின் தப்பிய கைக்கு ராஜாவே தங்கக் காப்புப் போட்டுவிட்டான். அது தொளதொளவென்று முழங்கைவரை ஓடியது. அளவைப் பற்றிக் குடிதாங்கி அன்று மறுபடி வாயே திறக்கவில்லை.