ராஜா தலை முத்திரை

கண்காட்சிக்கு இரவல் வாங்கிய ஷூ பக்கிள் வெறும் வெள்ளி முலாம் பூசிய பித்தளை என்று தெரிந்ததும், அதைத் தந்த தாணுலிங்கம் பிள்ளை அருங்காட்சியகமே அதிரக் கத்தினார்.

“நான் கொடுத்தது ஜார்ஜ் மன்னர் காலத்து அசல் வெள்ளி. 1772-ல லண்டன்ல செஞ்சது. துடைக்க வாங்கின இவதான் மாத்திட்டா. போலீஸைக் கூப்பிடுங்க!”

அங்கே வெள்ளிச் சாமான் துடைக்கும் செண்பகவடிவு கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். இயக்குநர் போனை எடுத்துவிட்டார்.

“ஐயா, உங்க பக்கிள்ல என்னென்ன முத்திரை இருந்துச்சு? போலீஸ் கேப்பாங்களே,” என்றாள்.

“செஞ்சவன் பேரெழுத்து, சிங்கம், 1772-ஐக் காட்டுற வருஷ எழுத்து, எல்லாம்!”

“ராஜா தலை? அது இல்லாட்டி மதிப்பு கம்மிம்பாங்களே.”

“ஏன் இல்லாம? லென்ஸ் வச்சே பாத்திருக்கேன். எழுதிக்கோங்க!”

இயக்குநர் எழுதினார். பிள்ளை கையெழுத்தும் போட்டார்.

செண்பகவடிவு தான் ஓய்வு நேரத்தில் படிக்கும் முத்திரைப் புத்தகத்தை எடுத்து விரித்தாள்.

“வெள்ளிக்கு வரி போட்டப்பதான், வரி கட்டினதுக்கு அடையாளமா ராஜா தலையைக் குத்த ஆரம்பிச்சாங்க. அது 1784-ல. உங்க பக்கிள் மட்டும் பன்னெண்டு வருஷம் முந்தியே வரி கட்டிருச்சாய்யா?”

இயக்குநர் அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தார். பிறகு போனைப் பிள்ளை பக்கம் நகர்த்தினார்.

“நீங்க கொடுத்ததே போலி. போலீஸை நீங்களே கூப்பிடுறீங்களா?”