செண்பகவல்லியின் நிறமானி

"மூணு செஞ்சிட்டேன் டீச்சர். மூணும் பொய் சொல்லுது."

குழந்தைவேலு ஈரக் கறுப்புக் குடையைப் பட்டறைக் கதவோரம் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார். கல்லூரியில் வேதியியல் நடத்துபவர். ஜொகரா அவரைவிடப் பத்து வயது இளையவர். பல்கலைக்கழகப் பட்டறையில் கருவிகள் செய்பவர். அவரிடம் தொழில் பழகியதால் குழந்தைவேலுவுக்கு அவர் டீச்சர்.

ஒட்டுப்பலகைப் பெட்டி, சிறு விளக்கு, ஒளியை அளக்கும் சில்லு. மருந்து கலந்த தண்ணீரின் நிறத்தைப் பார்த்து, அதில் ஃபுளோரைடு எவ்வளவு என்று சொல்லும் நிறமானி. வெளியில் வாங்கக் கல்லூரிக்குக் கட்டுப்படியாகாது.

"முதல்ல செஞ்சது ஒழுங்காத்தானே காட்டுச்சு?"

"அது செண்பகவல்லி செஞ்சது."

குழந்தைவேலுவின் மாணவி. போன தை மாதம் பஸ் விபத்தில் போய்விட்டாள்.

"அதைக் கொண்டு வரச் சொன்னேனே?"

துண்டில் சுற்றிய பெட்டியைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். அதன்மேல் காய்ந்த சந்தனம்.

"பீரோவுல பூட்டியே வச்சிருக்கேன். யாரையும் தொட விடுறதில்ல. ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்க மட்டும் எடுத்தேன்."

"நீங்க வாத்தியாரா, பூசாரியா சார்?"

அவர் சிரிக்கவில்லை.

"பிள்ளைங்க என்ன பண்றாங்க?"

"அவங்கவங்க வீட்டுக் கிணத்துத் தண்ணியைப் பாட்டில்ல பிடிச்சு வந்து வரிசையா வச்சிருக்காங்க. குடிக்கலாமா சார்னு தினம் கேக்குறாங்க."

"இதுக்குள்ள என்ன இருக்கு?"

"தெரியாது. வீட்டுல வச்சு முடிச்சா."

ஜொகரா திருப்புளியை நீட்டினார்.

"திறங்க."

"வேணாம் டீச்சர். அவ கை வச்சது."

ஜொகரா பெட்டியைத் திருப்பினார். மூடியில் நான்கு திருகாணிகள்.

"ஒட்டாம, திருகாணி போட்டது யாரு?"

"அவதான். பசை போட்டு ஒட்டிடும்மான்னேன். கேக்கல. 'நாளைக்கு வர்றவங்க எப்படி சார் திறப்பாங்க'ன்னா..."



தகரக் கூரையில் மழை பெய்துகொண்டிருந்தது.

குழந்தைவேலு திருப்புளியை வாங்கினார். நான்கு திருகாணிகளையும் கழற்றி மூடியைத் தூக்கினார்.

உள்ளே, துளி வெளிச்சமும் புகாதபடி, நான்கு பக்கமும் கறுப்புத் துணி ஒட்டியிருந்தது. அவர் செய்த மூன்றிலும் அது இல்லை. ஓரத்தில் ஒரு தையல். தையலில் குடைக்கம்பி கோத்த ஓட்டை.

போன மழைக்காலத்தில் ஒருநாள் செண்பகவல்லி வகுப்பு வாசலில் சொட்டச் சொட்ட நனைந்து நின்றாள். குடை எங்கே என்று கேட்டார். தொலைந்துவிட்டது சார் என்றாள். பொறுப்பில்லாத கழுதை என்று எல்லோர் முன்னாலும் திட்டினார். தலையைக் குனிந்துகொண்டு போய் உட்கார்ந்தாள்.



குழந்தைவேலு எழுந்தார். கதவோரம் போய்த் தன் குடையை எடுத்து வந்தார்.

"கத்தரிக்கோல் இருக்கா டீச்சர்?"