நத்தை போட்ட கோடுகள்

ஒரு ஏரியில், மதகுக் கல்லில் ஒட்டிக்கொண்டு ஒரு நத்தை வாழ்ந்தது. தினமும் காலையில், தண்ணீர் எதுவரை நிற்கிறதென்று அந்தக் கல்லில் கோடு போட்டுவைக்கும். மார்கழியில் நாற்பதாவது கோட்டைப் போட்டபோது அதற்குத் திக்கென்றது. இப்படியே இறங்கினால் மாசி முடிவதற்குள் ஆற்றுக்குப் போகும் வாய்க்கால் காய்ந்துவிடும். பங்குனியில் ஒரு மீன்கூட மிஞ்சாது.

நத்தை ஆய்வுக்கட்டுரை எழுதி, 'ஏரி ஆய்விதழ்' ஆசிரியரான ஆமையிடம் கொடுத்தது. அந்த இதழில் தன் பெயரைப் பார்க்க வேண்டுமென்பது அதன் வெகுநாள் ஆசை.

"அருமையான வேலை," என்றது ஆமை. "ரெண்டு பேர் படிச்சுச் சரின்னு சொல்லட்டும். யாருன்னு கேக்கக் கூடாது. இதழ்ல வர்றதுக்கு முன்னாடி வெளியில மூச்சு விட்டா, போட மாட்டோம்."

ஒரு மாதம் கழித்துக் குறிப்புகள் வந்தன. ஒரு கல்லில் அளந்தால் போதாது, நான்கு கரையிலும் அளக்க வேண்டும் என்றார் முதலாமவர். நண்டு எழுதிய ஏழு கட்டுரைகளில் ஒன்றைக்கூட மேற்கோள் காட்டாதது பெருங்குறை என்றார் இரண்டாமவர். அவர் யாரென்று நத்தை கேட்கவில்லை.

அந்த ஏழு கட்டுரைகளையும் சேர்த்தது. கரை கரையாக ஊர்ந்தது. மூன்றாவது கரையில் ஒரு சினைக் கெண்டை வழிமறித்தது.

"நத்தையக்கா, தண்ணி கொறையற மாதிரி இருக்கே? முட்டைய இங்கயே விடலாமா?"

"இதழ்ல வரட்டும்மா" என்று சொல்லத்தான் நத்தை வாயைத் திறந்தது. கெண்டையின் வயிற்றைப் பார்த்ததும் அந்த வார்த்தை வரவில்லை.

"வாய்க்கால்ல இன்னும் மூணு நாள்தான் தண்ணி ஓடும். எல்லாரையும் கூட்டிக்கிட்டு ஆத்துக்குப் போயிடு."

அன்றே மீன்கள் கிளம்பின. ஒரு தாமரை இலையில் நத்தையை ஏற்றி, காம்பைக் கவ்வி இழுத்துக்கொண்டு போயின.

பங்குனியில் ஏரி வறண்டது. சித்திரையில் ஆமை நடந்தே ஆற்றுக்கு வந்து, முகத்தைப் பார்க்காமல் ஒரு கடிதத்தை நீட்டியது.

'தங்கள் கட்டுரையை ஏற்க இயலவில்லை. ஏரி வற்றினால் மீன்கள் மடியும் என்ற தங்கள் முடிவு நிரூபணமாகவில்லை. ஏரி வற்றிவிட்டது. ஒரு மீன்கூடச் சாகவில்லை.'

நத்தை அதை மீன்களுக்கு உரக்கப் படித்துக் காட்டியது. குஞ்சுகள் கேட்டதால், கடைசி வரியை இன்னொரு முறையும் படித்தது.