தையல்சிட்டுக்குத் தொண்டை திறந்த கதை

அந்தக் காலத்தில் பறவைகள் பேசும், மனிதர்களுக்கும் அது புரியும். ஆனால் தையல்சிட்டுக்கு மட்டும் கொசு முனகுகிற குரல்தான்.

ஒருநாள் காலை சடச்சி இரண்டு நாழிகை தாலாட்டி, தொண்டை வற்றி, ஒருவழியாகப் பிள்ளையைத் தூளியில் தூங்க வைத்தாள். "யாராவது சத்தம் போட்டுப் பிள்ளையை எழுப்பினீங்க, சாயங்காலம் வரைக்கும் அவங்கதான் ஆட்டணும்!" என்றாள். சேவல்கூடக் கூவுவதை நிறுத்திக்கொண்டது.

அவள் புருஷன் முத்திருளன் அரிவாளோடு ஆடாதொடை வேலியைக் கழிக்கப் போனான். அவன் அரிவாளைக் கையில் எடுத்தால் வேலி மொட்டையாகும்வரை கீழே வைக்க மாட்டான்.

தையல்சிட்டு பறந்து வந்து சடச்சியின் தோளில் உட்கார்ந்தது. "அக்கா, அந்த வேலியில ரெண்டு இலையைச் சேர்த்துத் தைச்சு, உள்ளே மூணு முட்டை வச்சிருக்கேன். மாமாவை நிறுத்தச் சொல்லுங்கக்கா."

சடச்சி வேலிப் பக்கம் திரும்பினாள். கத்தினால் பிள்ளை எழுந்துவிடும். கையை நீட்டி, 'வேண்டாம், வேண்டாம்' என்று ஆட்டினாள்.

முத்திருளன் சிரித்தான். 'இன்னும் தாழ வெட்டச் சொல்றா' என்று நினைத்து, குனிந்து தாழ வெட்டினான்.

சடச்சி இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள். 'வேலை அவ்வளவு நல்லாயிருக்காம்!' அவனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. சரக், சரக்! அடுத்த வெட்டு தைத்த இலைக்குத்தான்.

"அக்கா, நான் கத்தட்டுமா?"

சடச்சி தூளியைப் பார்த்தாள். வேலியைப் பார்த்தாள். அவளும் பெற்றவள்தானே. "கத்துடி!"

"ட்வீட்! ட்வீட்! ட்வீட்!"

அரிவாள் ஒரு பக்கம் விழுந்தது, முத்திருளன் ஒரு பக்கம் விழுந்தான். ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. பிள்ளை வீலென்று அலறியது.

"கத்துனது அதுதானே, அதுவே ஆட்டட்டும்!" என்றான் முத்திருளன், முழங்காலைத் தடவிக்கொண்டே.

"கத்த வச்சது யாரு? வீட்டுல ஆள் இருக்கான்னு கேட்காம வெட்டுனவரே, வந்து ஆட்டுங்க. அதுங்க குஞ்சு பொரிச்சுப் பறக்குற வரைக்கும் அந்தப் பக்கம் அரிவாளோட போகக் கூடாது."

அவன் சாயங்காலம் வரை ஆட்டினான். கை வீங்கிவிட்டது.

திறந்த தொண்டையைச் சிட்டு திரும்ப மூடவே இல்லை. அன்று முதல்தான் கட்டைவிரல் அளவு தையல்சிட்டு தெருவுக்கே கேட்கக் கத்துகிறது, நாமும் வேலியைக் கழிக்கும் முன் குச்சியால் தட்டி, "உள்ளே யாரு?" என்று கேட்டுவிட்டு, பதில் வந்தால் அரிவாளைக் கூரை எறவாணத்திலேயே செருகிவிடுகிறோம்.