சிவப்பாய் நின்ற நாலு பேர்

"குருவே, ஜெசிந்தாவைத் தடை பண்ணுங்க. இல்லன்னா நான் எல்லாத்தையும் போட்டுட்டுப் போறேன்."

சொன்னவர் இசக்கியப்பன். இணையக் கலைக்களஞ்சியத்தில் எட்டு வருஷமாகக் காசு வாங்காமல் கட்டுரை திருத்துகிறவர்.

குரு என்றது பர்வீனை. அவரைவிட இருபது வயது இளையவள். ஆனாலும் திருநெல்வேலித் தொகுப்பாளர்களுக்குள் சண்டை வந்தால் அவள் சொல்தான் முடிவு.

"என்ன செஞ்சா, அண்ணாச்சி?"

"கொடிக்கால் குறும்பட விழாக் கட்டுரை. ஞாயித்துக்கிழமை சிறப்புக் கட்டுரைக்கு வாக்கெடுப்பு. இழைச்சு இழைச்சு அட்டவணை போட்டிருக்கேன். அதுல நாலு இயக்குநர் பேரு சிவப்பா நிக்கு."

தனக்கென்று பக்கம் இருப்பவர் பெயர் நீலம். இன்னும் யாரும் எழுதாதவர் பெயர் சிவப்பு. கலைக்களஞ்சியத்தின் வழக்கம் அது.

"கல்யாண வேட்டியில வெத்தலை எச்சில் தெறிச்ச மாதிரி இருக்கு, குருவே. நான் வரிசையோட தூக்குதேன். அவ திரும்பக் கொண்டாந்து வைக்கா. தூக்குதேன். வைக்கா."

"உங்க விதி என்ன?"

"பக்கம் இல்லாதவருக்கு இடம் இல்லை."

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்தான்."

"அதையே கட்டுரையோட உரையாடல் பக்கத்துல எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

போட்டார். அங்கே கையெழுத்து என்றால் பயனர் பெயர்தான்.

பர்வீன் அந்தக் கையெழுத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி. உங்க விதியே நடக்கட்டும்."

நாலு பெயரும் போயின. அட்டவணை கழுவிவிட்ட வானம் மாதிரி நீலமாக இருந்தது.

ஞாயிறு காலை, நூலக மாடியில் கூட்டம். முதல் வேலையாகக் குழுப்படம் எடுத்தார்கள். இசக்கியப்பன் ஓரத்தில் நின்று, தொந்தியை எக்கிக்கொண்டு சிரித்தார்.

பிறகு டீ வந்தது. தட்டு அவருக்கு முன்னால் வந்து, அவரைத் தாண்டிப் போயிற்று.

"ஏம்மா ஜெசிந்தா, இன்னும் கோவமா?"

ஜெசிந்தா திரும்பவில்லை. தோளிலிருந்த பையைக் கழற்றி அவர் மடியில் வைத்தாள். காலி நாற்காலியில் வைப்பதுபோல.

"ஏய்!" என்றார்.

பையின் கனம் தொடையில் தெரியவில்லை.

"இசக்கி அண்ணாச்சி இன்னும் வரலையா?" என்று யாரோ கேட்டார்கள்.

"அவரு வந்தா படி ஏறும்போதே தெரிஞ்சிருமே. அட்டவண, அட்டவணன்னு செருப்புல்லா சொல்லும்," என்றாள் ஜெசிந்தா.

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்துப் பார்த்தார். அவர் சிரிப்பு அவர் காதுக்கே வரவில்லை.

சுவர்த் திரையில் உரையாடல் பக்கம் விரிந்தது. ஜெசிந்தா வாசித்தாள்.

"பக்கம் இல்லாதவருக்கு இடம் இல்லை."

"யாரு எழுதுனது?" என்றாள் பர்வீன்.

"தெரியல. பேரு சிவப்பா நிக்கு."

இசக்கியப்பன் அண்ணாந்து பார்த்தார். அவர் கையெழுத்துதான். நமக்கு எதற்கு விளம்பரம் என்று எட்டு வருஷமாகத் தன் பயனர் பக்கத்தில் ஒரு வரிகூட அவர் எழுதியதில்லை. ஊரார் சிவப்பையெல்லாம் துடைத்தவர், தன் பெயரின் நிறத்தைக் கவனித்ததே இல்லை.

"விதிப்படி பாத்தா இந்தப் பேரையும் எடுத்துரணுமே," என்றாள் ஜெசிந்தா. அவள் விரல் நீக்கும் விசைக்குப் போயிற்று.

இசக்கியப்பன் தன் கைபேசியை உருவினார். கட்டுரையைத் திறந்தார். விரல் வழுக்கியது. தூக்கிய நாலில் முதல் பெயரைத் திரும்ப வைத்தார். இரண்டாவதை வைத்தார். மூன்றாவதையும்.

நாலாவது பெயரை வைத்தபோது தொடையில் பை கனத்தது.

"ஐயோ, அண்ணாச்சி! எப்ப வந்திய? மடியில போயி பைய வச்சிருக்கேனே!"

இசக்கியப்பனுக்குச் சட்டை நனைந்திருந்தது.

"நல்ல நடிப்பு. எல்லாருமாச் சேந்து கூத்துக் கட்டுதிய, என்ன?"

பர்வீன் தன் கைபேசியைத் திறந்தாள். காலையில் எடுத்த குழுப்படத்தை அவரிடம் நீட்டினாள்.

ஓரத்தில், தொந்தியை எக்கிக்கொண்டு, அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

அவரை ஒட்டி நாலு பேர் நின்றார்கள். கூட்டத்தில் அவர் பார்க்காத முகங்கள். அதில் ஒருத்தர் அவர் தோளில் கை போட்டிருந்தார், ரொம்ப நாள் பழகினவர் மாதிரி.

"குருவே... இவங்கல்லாம் யாரு?"

"பக்கத்துல நின்னது நீங்க, அண்ணாச்சி. என்னையக் கேக்கிய?"